ஒரு நாளுக்கு ஒரு திசை: யாழ்ப்பாணத்தில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் விடுமுறை கழிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ் குடாநாடு வரைபடத்தில் சிறியதாகத் தெரியும். அதை நம்பிக் கீரிமலை, நயினாதீவு, பருத்தித்துறை மூன்றையும் ஒரே நாளுக்குள் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். வெயிலில் வாடிப்போய், பிள்ளைகள் அழ, பெரியவர்கள் கால் வீங்க, இரவு பத்து மணிக்கு ஏதோ ஒரு கடையில் ஆறிய கொத்து ரொட்டியோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது. இவ்வளவு நல்ல சாப்பாடு உள்ள ஊருக்கு வந்து அப்படித் திரும்பிப்போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே விதி: ஒரு நாளுக்கு ஒரு திசை. குடாநாட்டை வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று பிரித்துப் பேசுவது எங்கள் வழக்கம். பயணத் திட்டத்துக்கும் அந்தப் பிரிவே போதும். காலையில் ஒரு பகுதிக்குப் போங்கள். நண்பகல் வெயிலை நிழலிலும் சாப்பாட்டிலும் கழியுங்கள். நான்கு மணிக்குப் பிறகு மீண்டும் வெளியே வாருங்கள். மற்றதெல்லாம் இதற்குள் அடங்கும்.

முதலில் நாளைக் குறியுங்கள்

மழையும் காற்றும்தான் இங்கே நாள் குறிப்பவை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. தாழ்வான வீதிகளில் வெள்ளம் நிற்கும், வாடைக் காற்று பலக்கும் நாட்களில் தீவுகளுக்கான படகுகள் நிறுத்தப்படுவதும் உண்டு. தை பிறந்து மாசி வரைக்குமான காலம் இதமானது. அதிகாலையில் ஒரு மெல்லிய போர்வை தேடும் அளவுக்குக் குளிரும், கடல்நீரேரியில் பூநாரைகளைக் காணவும் வாய்ப்பு உண்டு. சித்திரைக்குப் பிறகு வெயில் கடுமை. ஆனால் நுங்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வேண்டுமென்றால் அந்த வெயிலைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியில் 25 நாட்கள் நடக்கும். தேர் 24ஆம் நாள், தீர்த்தம் 25ஆம் நாள். அந்தக் காலத்தில் வருவதென்றால் திருவிழாவுக்காகவே வாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், அறைகள் மாதக்கணக்கில் முன்னரே நிறைந்துவிடும், பல வீடுகளில் கொடியேறிய நாளிலிருந்து மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைப்பதே இல்லை. நண்டுக் கறியை நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு அது ஏற்ற காலம் அன்று.

வெள்ளிக்கிழமையையும் கணக்கில் எடுங்கள். இங்கே பெரும்பாலான சைவ வீடுகளில் அன்று மரக்கறிதான். எனவே வெள்ளி வந்திறங்கிக் கோயிலும் சைவக்கடையும், சனி தீவகம், ஞாயிறு மீனும் கூழும், திங்கள் புறப்பாடு என்று வைத்துக்கொண்டால் ஊரின் ஒழுங்கோடு உங்கள் ஒழுங்கும் சேர்ந்து ஓடும். போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த வாரக் கடைசி என்றால் நயினாதீவுத் துறையில் கூட்டம் நெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆட்கள், வாகனம், தங்குமிடம், பணம்

எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பது முக்கியம். அம்மம்மா வருகிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா, கடல்வாழ் உணவு ஒத்துக்கொள்ளாதவர் உண்டா, சுத்த சைவம் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் தங்குமிடத்தைத் தீர்மானிக்கும்.

எட்டுப் பேருக்கு மேல் என்றால் விடுதி அறைகளைவிட முற்றமும் சமையலறையும் உள்ள வீடொன்றை வாடகைக்கு எடுப்பதே நல்லது. நல்லூர், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கங்களில் அப்படி வீடுகள் கிடைக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: கிணற்று நீர் சவரா நன்னீரா, மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா, முற்றத்தில் அடுப்பு மூட்டலாமா, வீட்டுக்குள் மச்சம் சமைக்கலாமா. கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். சில வீட்டுக்காரர் அதை விரும்புவதில்லை. அவர்களுடைய வீட்டில் அவர்கள் வைத்ததுதான் வழக்கம்.

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபின், பெரியவர்களை அழைத்துவருவது மிகவும் இலகுவாகிவிட்டது. ரயில் டிக்கெட்டை முன்னரே பதிவு செய்யுங்கள். நீண்ட விடுமுறைகளில் கடைசி நேரத்தில் இருக்கை கிடைக்காது. ஊருக்குள் வந்தபின் ஒரு வானைச் சாரதியோடு நாட்கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். வாடகை, எரிபொருள், சாரதியின் சாப்பாடு, இரவுத் தங்கல் எல்லாம் யார் பொறுப்பு என்பதை ஏறுமுன்னரே பேசி முடித்துவிட வேண்டும். சாப்பிட உட்காரும்போது சாரதிக்கும் உங்களோடு ஓர் இலை போடுங்கள். எந்தக் கடையில் இன்று நண்டு நல்லது என்பது அவருக்குத்தான் தெரியும்.

நண்பர்கள் கூட்டமாக வந்தால் முதல் நாளே ஆளுக்கு ஒரு தொகை சேர்த்து ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். தேநீர், படகு, நுழைவுச்சீட்டு எல்லாம் அந்தப் பையிலிருந்து போகட்டும். ஒவ்வொரு கடையிலும் யார் கொடுப்பது என்று இழுபறிப்படுவதைவிட இது எவ்வளவோ மேல். சின்னத் தாள்களாக மாற்றி வைத்திருங்கள், தீவுகளில் வங்கி அட்டை உதவாது.

முதல் நாள்: நல்லூரும் நகரமும்

வந்த அன்று தூரப் பயணம் வேண்டாம். குளித்து, உறங்கி, பின்னேரம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் போங்கள். பூசை நேரம் மணி தவறாது என்பதால் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போக வேண்டும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். வேட்டி கட்டிக்கொண்டால் நல்லது. பெண்களுக்குச் சேலையோ நீளமான உடையோ. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் தீர்த்தக் கேணியின் படியருகே கொஞ்சம் நில்லுங்கள்.

வெளியே வந்ததும் ஐஸ்கிறீம். நல்லூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் றியோவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். கோயிலும் ஐஸ்கிறீமும் சேர்ந்துதான் இங்கே பிள்ளைகளுக்கு மாலைப் பொழுது. பெரிய கிண்ணம் ஒன்றை எடுத்து இரண்டு பேர் பங்கிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கும் இடமிருக்கும்.

பொழுது சாயுமுன் கோட்டைக்குப் போய்விடுங்கள். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐந்து முனை கொண்ட வடிவில் விரித்துக் கட்டினார்கள். மதிலின்மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் நகரம். சுவரில் பதித்த பவளக்கற்களைக் கிட்ட நின்று பாருங்கள். பூப்போன்ற கடல் உயிரின் வடிவம் கல்லுக்குள் அப்படியே தெரியும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் போதும், அடுத்த அரை மணி நேரம் அவர்கள் கல் கல்லாகத் தேடுவார்கள். மதிலில் கைபிடிச் சுவர் இல்லாத இடங்கள் உண்டு, சிறியவர்களின் கையை விடாதீர்கள்.

கோட்டைக்கு அருகில்தான் பொது நூலகம். 1981இல் எரிக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. முன்னால் வெள்ளைச் சரசுவதி சிலை. பிள்ளைகளோடு வந்தால் அந்தச் சிலைக்கு முன் நின்று அந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட அந்த இடத்தில் கேட்பது மனத்தில் நிற்கும்.

இரவுச் சாப்பாடு சைவக்கடையில். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் உள்ள மலாயன் கபே பழைய கடை. வாழையிலையில் பரிமாறுவார்கள். உட்கார்ந்ததும் சில கடைகளில் நீங்கள் கேட்காமலே வடை, போளி, றோல்ஸ் நிறைந்த தட்டொன்றை மேசையில் வைப்பார்கள். அது இலவசம் அன்று, முழுவதையும் சாப்பிட வேண்டியதும் இல்லை. எடுத்ததை மட்டும் எண்ணிக் கணக்கெழுதுவார்கள். தோசையோ இடியப்பமோ, சம்பலும் சொதியும், முடிவில் இஞ்சி போட்ட ஒரு பிளேன்டீ. பயணக் களைப்புக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

இரண்டாம் நாள்: தீவகம்

காலை ஆறரைக்கு முன் வான் புறப்பட வேண்டும். பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் முழங்கால் அளவுத் தண்ணீரில் கம்பு நட்டுக் கட்டிய மீன் வலைகள், அவற்றின்மேல் வரிசையாகக் கொக்குகள். வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறை. பஸ்ஸில் போவதென்றால் 776ஆம் இலக்கம்.

துறையில் நின்றுதான் முடிவெடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு வாருங்கள்: நயினாதீவா, நெடுந்தீவா? பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் நயினாதீவு. படகில் கால் மணி நேரமளவுதான். இறங்கினால் நாகபூசணி அம்மன் கோயில், சிறிது நடந்தால் நாக விகாரை. புத்தர் தம்முடைய இரண்டாவது இலங்கை வருகையில் நாக அரசர் இருவரின் பிணக்கைத் தீர்த்துவைத்த இடம் அது என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அம்மன் கோயிலின் அமுதசுரபி மண்டபத்தில் மதிய அன்னதானம் உண்டு. அந்தச் சோற்றையும் பருப்பையும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, முடிந்ததைக் காணிக்கையாகப் போட்டுவிட்டு வாருங்கள். பணம் கொடுத்துச் சாப்பிடும் எந்தக் கடையிலும் கிடைக்காத சுவை அதில் உண்டு.

இளவட்ட நண்பர்கள் மட்டும் என்றால் நெடுந்தீவு. கடலில் ஒரு மணி நேரமளவு ஆகும், காற்றுள்ள நாளில் படகு ஆடும். தலைச்சுற்று வருபவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல், பின்பக்கமாக வெளிக்காற்றுப் படும் இடத்தில் உட்காருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள், கொடுக்காத படகில் ஏறாதீர்கள். தீவில் இறங்கியதும் ஓட்டோ அல்லது பிக்அப் பேசிக்கொள்ளலாம். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் பவளக்கல்லை அடுக்கியே கட்டிய வேலிகள், சிதைந்த கோட்டை, புறாக்கூடு, பருத்த பெருக்கமரம், வெளியில் திரியும் காட்டுக் குதிரைகள். குதிரைகளை விரட்டிப் படம் எடுக்காதீர்கள். கோடையில் குடிக்கத் தண்ணீருக்கே அவை அலைகின்றன. குடிநீரும் தொப்பியும் கட்டாயம். எல்லாவற்றுக்கும் முன்பாக, கரையேறும்போதே திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு தீவையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாம்தான், ஆனால் இரண்டிலும் துறைமுகம்தான் நினைவில் இருக்கும்.

திரும்பும் வழியில் வேலணையில் சாட்டிக் கடற்கரை. கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீடு திரும்பினால் இரவு நல்ல நித்திரை.

மூன்றாம் நாள்: கூழ்

இந்த விடுமுறையின் நடுநாயகம் இதுதான். பனங்கிழங்கைக் காயவைத்து எடுக்கும் ஒடியலின் மாவில் செய்வது இந்தக் கூழ். கடைகளிலும் ஒடியல் கூழ் கிடைக்கிறது, சில கடைகளில் நன்றாகவும் இருக்கிறது. ஆனால் கூழ் என்பது பத்துப் பேர் ஒரு பானையைச் சுற்றி இருந்து குடிப்பதற்கென்றே உண்டான உணவு. வீட்டு முற்றமும் ஒரு நாளும் கையில் இருக்கும்போது அதைக் கடையில் வாங்கிக் குடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விடிந்ததும் இரண்டு பேர் பாசையூருக்கோ குருநகருக்கோ மீன் வாங்கப் போகட்டும். மீன் அறிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது. நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் சதை உண்டு, இலேசாக இருந்தால் ஓடுதான். கால்கள் அசைய வேண்டும். வயிற்றுப் பக்கம் அழுத்தினால் அமுங்கக் கூடாது. மீனில் திருக்கையோ சிறு மீன்களோ, ஒரு பெரிய மீனின் தலையோ கூழுக்கு ஏற்றவை. விலையுயர்ந்த துண்டு மீனைக் கூழில் போட்டுக் கரைக்க வேண்டியதில்லை. நண்டு, இறால், கணவாய் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். துப்புரவாக்கித் தருபவர்கள் சந்தையிலேயே இருக்கிறார்கள். நண்டின் ஓட்டை உடைத்து நான்காக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

அவர்கள் சந்தையில் நிற்கும் நேரத்தில் மற்றவர்கள் கீரிமலைக்குப் போய்வரலாம். கடலுக்கு ஒட்டினாற்போல் நன்னீர்க் கேணி, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியே மறைவாக ஒன்று. பக்கத்தில் நகுலேஸ்வரம். காலை எட்டு மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது.

வீடு திரும்பியதும் வேலையைப் பங்கிடுங்கள். பத்துப் பேருக்கு அரைக் கிலோ ஒடியல் மா போதும். அதை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்துத் தும்புகளை நீக்குங்கள். ஒடியலின் கைப்பு இப்படித்தான் போகும். இதில் அவசரப்பட்டால் கூழ் முழுவதும் கைக்கும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய். இவை முக்கால் பதம் வெந்தபின் மீன், நண்டு, கடைசியாக இறாலும் கணவாயும். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அம்மியில் அரைத்த கூட்டு, உப்பு. பிறகு பழப்புளிக் கரைசலில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி படாமல் அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள். துழாவுவதை அண்ணன், தம்பி, மச்சான் என்று மாறி மாறிச் செய்யட்டும். கூழ் தடித்து, குமிழ் பெரிதாக வெடித்து வரும்போது முருங்கையிலையைப் போட்டு இறக்குங்கள். சுத்த சைவக்காரருக்கு மீன் போடுமுன் ஒரு சிறு பானையில் தனியே எடுத்து, மரக்கறிக் கூழாக முடித்துக் கொடுக்கலாம்.

பலாவிலையைக் கோலி ஈர்க்கினால் குத்திக்கொண்டு, அதனால் அள்ளிக் குடிப்பதே முறை. தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டால் உறைப்பு தணியும். மூக்கும் கண்ணும் ஒழுகும், வியர்க்கும், அதுவரை பேசாதிருந்த பெரியப்பாகூடப் பழைய கதை எடுப்பார். அதன்பிறகு இரண்டு மணி நேரத்துக்கு யாரையும் எங்கேயும் கூப்பிடாதீர்கள். பாயை விரித்து விடுங்கள்.

பின்னேரம் தெம்பிருந்தால் பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை. ஆழம் குறைந்த கடல், சவுக்கு மர நிழல். கச்சான் கடலை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. ஆழமில்லை என்பதற்காகப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடக் கூடாது.

இன்னொரு நாள் இருந்தால் வடமராட்சி

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கி, வல்வெட்டித்துறை வழியாகக் கரையோரமாகப் பருத்தித்துறைக்குப் போங்கள். அங்கே வீதியின் குறுக்கே கல்லால் கட்டி, அதன் கீழாலேயே தெரு போகும் தெருமூடிமடத்தைப் பாருங்கள். இரு பக்கத் திண்ணைகளிலும் வழிப்போக்கர் இளைப்பாறிய இடம் அது. பருத்தித்துறை வடையைப் பொதியாக வாங்குங்கள். தட்டையாக, மொறுமொறுப்பாக, நாள்கணக்கில் கெடாது. பிறகு வல்லிபுர ஆழ்வார் கோயில், மணற்காட்டு மணல்மேடுகள். மணல் மேட்டுக்கு நாலரைக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் கால் வைக்க முடியாது. நகரிலிருந்து பருத்தித்துறைக்கு நேரே போகும் பஸ் 750.

உறவினர் வீடுகள்

வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்களுக்கு ஊரில் பார்க்க வேண்டிய வீடுகள் சில இருக்கும். சொல்லாமல் போய் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் அந்த வீட்டு அம்மா உங்களுக்காக மறுபடி உலை வைப்பார், சாப்பிடாமல் விடமாட்டார். பின்னேரம் நாலரைக்கு வருகிறோம், தேநீர் மட்டும் போதும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். அப்படியும் பலகாரத் தட்டு வரும், அதை மறுக்காதீர்கள். ஒரு மாலைக்கு இரண்டு வீடு. அதற்குமேல் போனால் யாரோடும் நின்று பேசியதாக இருக்காது.

திரும்பும் வழி: தென்மராட்சி

ஏ9 வீதி சாவகச்சேரி, கொடிகாமம் வழியாகத்தான் போகிறது. பொருள் வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் கொடிகாமம் சந்தையிலேயே பாதி முடிந்துவிடும். தேங்காய், பலாப்பழம், பருவத்தில் மாம்பழம். பனங்கட்டியைக் குட்டானோடு, அதாவது சின்னப் பனையோலைப் பெட்டியோடு, வாங்குங்கள். நல்ல பனங்கட்டி உடைத்தால் மணல் மணலாக உதிரும், சீனி கலந்தது கண்ணாடிபோல் இறுகி இருக்கும். புளுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனாட்டு (காயவைத்த பனங்களி), வேப்பம்பூ வடகம், மோர் மிளகாய், எள்ளுருண்டை, நெல்லி ரசம் எல்லாம் நகரக் கடைகளிலும் கிடைக்கும். கறித்தூளை, மிளகாயும் சரக்கும் வறுத்து உங்கள் கண்முன்னே அரைத்துத் தரும் ஆலையில் வாங்கி, சூடு ஆறியபின் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கறுத்தக்கொழும்பானைப் பழுத்ததாக வாங்காமல், முற்றிய காயாகப் பார்த்து வாங்கி வைக்கோல் அல்லது கடதாசி சுற்றிப் பெட்டியில் அடுக்குங்கள். பழுத்ததை வாங்கினால் வவுனியா தாண்டுமுன்னரே நசுங்கிவிடும்.